பூமித்தாய் சுகவாழ்வுக் கழகத்தின் ஊழிவெள்ள மாநாடு

உலகிலுள்ள எல்லா இனத்தாரிடமும் ஒரு பெருவெள்ளக் கதை இருக்கிறது. அந்தக் கதைகளெல்லாம் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன என்ற கேள்விக்கு ஐரோப்பியப் பேராசிரியர்கள் தாடி நரைக்கும்வரை உழைத்தும் விடை காணவில்லை. அந்த விடை 1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், திரு. நவரட்ணம் அவர்களின் குளியலறை வாசலில் வெளிப்பட்டது. சரித்திரம் இதைப் பதியத் தவறிவிட்டது. எனவே நாம் பதிகிறோம்.

நவரட்ணத்தின் தகுதியில் யாருக்கும் ஐயம் வேண்டாம். கொழும்பில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு வாய்க்காலைக்கூட நேரில் பாராமல் நாட்டின் தண்ணீர் முழுவதையும் கோப்புகளுக்குள்ளே ஓடவிட்டவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்து, மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. வலிக்கு மருந்தாக ஒரு கழகம் தொடங்கினார்.

'பூமித்தாய் சுகவாழ்வுக் கழக'த்தில் உறுப்பினர் பதினொரு பேர். பதவிகளும் பதினொன்று. பொதுமக்கள் என்று ஒருவருமே இல்லாத குறையை, வீட்டின் நிலக்கீழ் அறையான பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த வீரக்குட்டி தீர்த்துவைத்தான். கதிரை அடுக்குவது, தேநீர் ஊற்றுவது, கைதட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு.

கழகத்தின் தத்துவம் மிக ஆழமானது. பூமிக்குக் காய்ச்சல். அமில மழை அதன் வியர்வை. முற்காலத்தில் இப்படிக் காய்ச்சல் கண்டபோது பூமி தன்னைத் தானே ஒரு முறை குளிப்பாட்டிக்கொண்டது, அதுதான் ஊழிவெள்ளம். ஆகவே பழைய வெள்ளக் கதைகளைச் சரியாக ஆராய்ந்தால் பூமிக்கு மருந்துச்சீட்டு எழுதிவிடலாம். இதுவரை கழகத்தார் ஏழு கூட்டம் கூடி ஆராய்ந்ததில், நாங்கள் குமரிக்கண்டத்தை இழந்த வெள்ளந்தான் உலகத்திலேயே மூத்த வெள்ளம் என்பதும், மற்ற நாட்டார் வெள்ளமெல்லாம் அதிலிருந்து வடிந்தவை என்பதும் உறுதியாயின. தலைவர் அமிர்தநாதர் மட்டும் விவிலியத்தில் பெட்டகம் கட்டிய பெரியவரின் கட்சி. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஆகையால் பெட்டகத்தின் முழ அளவுகளை விட்டுக்கொடுக்க மாட்டார். நவரட்ணம் மீன் கட்சி. சின்ன மீனொன்று அரசனின் கைக்குள் வந்து, வெள்ளம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றிய கதையே விஞ்ஞானத்துக்கு ஒத்தது என்பது அவர் முடிவு.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, வீரக்குட்டி மேலே வந்து தயங்கி நின்றான். பனி உருகிக்கொண்டிருந்த காலம். பேஸ்மென்ற் சுவர் முழுக்க ஈரம் ஊறியிருந்தது.

"அண்ணை, என்ட கடதாசியள ரெண்டு மூணு நாளைக்கு மேல வைக்கலாமா? திங்கக்கிழமை இமிக்கிரேசன்ல காட்டணும்."

கையில் ஒரு பொதி வைத்திருந்தான். கலியாணப் பதிவுத் துண்டு, இரண்டு பெண் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எல்லாமே அசல். மட்டக்களப்பில் இருக்கும் மனைவி தங்கேஸ்வரியையும் பிள்ளைகளையும் கூப்பிட அவனிடம் இருந்த ஒரே வழி அந்தப் பொதிதான். போன வருடம் ஆவணி மாதம், கப்பல்காரன் நடுக்கடலில் உயிர்காப்புப் படகில் இறக்கிவிட்டுப் போன கூட்டத்தில் அவனும் ஒருவன். பொதி அவனுடைய நெஞ்சோடு கட்டப்பட்டு வந்தது. இன்னொரு முறை எடுப்பதென்றால் ஊருக்குப் போகவேண்டும். ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது.

நவரட்ணம் இரக்கமுள்ளவர். உடனே சம்மதித்தார். ஆனால் பொதியை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. மூன்று அடுக்குப் பொலித்தீன் பைக்குள் அது சுற்றப்பட்டிருந்தது. பொலித்தீன் பூமித்தாயின் கழுத்தில் விழுந்த சுருக்குக் கயிறு என்பது கழகத்தின் முதலாவது தீர்மானம்.

"உது இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது, தம்பி. மாநாட்டுக்கு வாறவை கண்டால் என்ன நினைப்பினம்?" என்றார். மூன்று பையையும் தன் கையாலேயே உரித்து எறிந்தார். பத்திரங்களை மளிகைக் கடையின் மண்ணிறக் கடதாசிப் பைக்குள் போட்டார். "இது நல்லது. ஈரம் பட்டால் அப்பிடியே பூமியோடை கலந்துபோகும்," என்று பெருமையாக விளக்கியும் வைத்தார்.

அலுமாரிகள் எல்லாவற்றிலும் விற்பனையாகாத மாநாட்டு மலர் ஐந்நூறு பிரதி நிறைந்து கிடந்தது. ஆகவே பை குளியலறையில் கைகழுவும் தொட்டிக்குக் கீழுள்ள சின்ன அடைப்புக்குள் போனது. "குளியலறையை நான் பூட்டிவைக்கப் போறன். திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளை. இதைவிடப் பாதுகாப்பான இடம் கனடாவிலை இல்லை. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

பூட்டக் காரணம் மீன். மாநாட்டின் உச்சக்கட்டமாக ஓர் உயிருள்ள மீனை ரூஜ் ஆற்றில் விட்டு பூமித்தாயிடம் மன்னிப்புக் கேட்பதாக ஏற்பாடு. சைனாடவுன் கடைத் தொட்டியிலிருந்து வந்த கெண்டை சனிக்கிழமை முதல் குளியல் தொட்டியில் வாசம் செய்தது. குளிக்க இடமில்லாத மனைவி கமலாம்பிகை, ரெக்ஸ்டேலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மீனுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும் என்று கடைக்காரன் கையால் காட்டியிருந்தான். நவரட்ணம் தன் இருபத்திரண்டு வருட அனுபவத்தையும் திரட்டிக் குழாயை மெல்லத் திறந்து, கழிவுத் துவாரத்தையும் அதே அளவு திறந்துவிட்டார். வருவதும் போவதும் சமன். திணைக்களத்தில்கூட இப்படியொரு திட்டம் நிறைவேறியதில்லை. மாநாடு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் அவருக்கு ஒரு பக்தி உந்தியது. ஒரு தட்டுச் செவ்வந்திப் பூவை உதிர்த்து மீனின்மேல் தூவி, கும்பிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். பூவும் தண்ணீரோடு தண்ணீராகத் துவாரத்துக்குப் போய் அதை அடைக்கும் என்பது கணக்கில் வரவில்லை.

மாநாடு வீட்டு வரவேற்பறையில் முறைப்படி நடந்தது. மங்கல விளக்கு, தேவாரம், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. எல்லாரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு கம்பளத்தில் கால் பதித்து இருந்தார்கள். நவரட்ணத்தின் சிறப்புரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் அவர் மீனின் முதல் வசனத்துக்கு வந்து சேர்ந்தார்.

தேநீர்த் தட்டோடு போன வீரக்குட்டி, குளியலறைக் கதவின் கீழால் தண்ணீர் வருவதைக் கண்டான். ஓடிவந்து செயலாளர் இரத்தினவேலின் காதுக்குள் சொன்னான். பேச்சாளரை இடைமறிப்பது சபை மரபல்ல என்று இரத்தினவேல் விளக்கினார். எதுவானாலும் துண்டுக் கடதாசியில் எழுதித் தரவேண்டும். அதுவும் தலைவர் மூலம். வீரக்குட்டி எழுதினான்: 'அண்ணை, பாத்றூமுக்குள்ளால தண்ணி வருது. திறப்பு வேணும்.' இரத்தினவேல் அதை நாலாக மடித்து அமிர்தநாதரிடம் கொடுக்க, அவர் விரித்துப் பாராமல் பேச்சாளரிடம் நீட்டினார்.

மேடையேறிய தமிழன் எவனும் துண்டை வாசிப்பதில்லை. துண்டு என்றால் ஒரே பொருள்தான்: நேரம் முடிந்தது. பெட்டகக் கட்சியின் சதி இது என்று நவரட்ணம் கண்டுகொண்டார். புன்னகையோடு துண்டைப் பொக்கற்றில், திறப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தலைவர் அவசரப்படுகிறார். ஊழிவெள்ளத்துக்கு ஏது நேரக் கட்டுப்பாடு?" என்றார். சபை கைதட்டியது. "அன்பர்களே, அன்று எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது. கேட்கத்தான் ஆளில்லை."

இரண்டாவது துண்டும் அதே பொக்கற்றில் அடைக்கலம் புகுந்தது. மூன்றாவதை வீரக்குட்டியே கொண்டு முன்னால் போனான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் வாசிக்கவே தேவையில்லை. நவரட்ணம் துண்டை வாங்கிக்கொண்டு, அவன் தோளில் கைபோட்டு அவனைச் சபையின் பக்கம் திருப்பினார். கடலில் படகேறித் தப்பிய நமது காலத்து நாயகன் இவர் என்று அறிமுகம் செய்தார். எதிர்பாராத இந்தத் திருப்பத்தில் உருகிப்போன அமிர்தநாதர், தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். படம் எடுத்தார்கள்.

"அண்ணை, தண்ணி..."

"ஓம் தம்பி. தண்ணியைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் கதைக்கிறம்."

அந்த வேளையில் முன்வரிசையில் இருந்த பொருளாளர் தன் காலுறையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்தவர் காலைத் தூக்கினார். பிறகு பதினொரு பதவிகளும் ஒரே நேரத்தில் எழுந்தன.

நவரட்ணம் பொக்கற்றுக்குள் கைவிட, திறப்போடு மூன்று துண்டும் வந்தன. கதவு திறந்தது. செவ்வந்திப் பூ மிதக்க வெள்ளம் கணுக்கால்வரை எழுந்து வந்தது. அமிர்தநாதர் குழாயை மூடினார். நவரட்ணம் கோட்டு நனைவதையும் பாராமல் மீனை இரு கையாலும் வாரித் தூக்கினார். உபதலைவர் வாளி கொண்டுவந்தார். துணைச் செயலாளர் விசிறினார். மீன் வாயைத் திறந்து மூடியபோது எல்லாருக்கும் உயிர் வந்தது, சிலர் கைதட்டினார்கள்.

அவர்களுடைய கால்களுக்கிடையில் முழங்காலில் இருந்து வீரக்குட்டி அடைப்பைத் திறந்தான். கடதாசிப் பை, நவரட்ணம் வாக்களித்தபடியே, கையில் எடுக்கக் கரைந்தது. பதிவாளர் ஊற்றுப்பேனாவால் எழுதிய பெயர்கள் நீலத் தண்ணீராகி அவன் விரலில் வடிந்தன. மூத்தவளின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. தோளில் கிடந்த பொன்னாடையால் அதை ஒற்றினான். அதுவும் போய்விட்டது.

"காய வைச்சுப் பாரும், தம்பி. சரிவரும்," என்றார் நவரட்ணம்.

வீரக்குட்டி நிமிர்ந்து பார்த்தான். அவன் குரல் உயரவில்லை. "கடல்ல மூணு நாள் கிடந்தன், அண்ணை. ஒரு கடதாசியும் நனையல்ல."

நவரட்ணத்துக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான வெட்கம். கையிலிருந்த மூன்று துண்டையும் ஒவ்வொன்றாக விரித்து வாசித்தார். கண் கலங்கியது. அது ஏறக்குறைய அரை நிமிடம் நீடித்தது. பிறகு இரத்தினவேல் குறிப்புப் புத்தகத்தோடு வந்து, என்ன பதிவது என்று கேட்டார்.

நவரட்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லச் சொல்ல இரத்தினவேல் எழுதினார்: 'மாநாட்டின்போது வெள்ளம் தானே எழுந்து வந்து சாட்சி சொன்னது. மீன் காப்பாற்றப்பட்டது. அனைவரும் நலம்.'

"வீரக்குட்டியின்ரை கடதாசி விசயத்தையும் எழுதவோ?"

"உது மாநாட்டுக்கு அப்பாற்பட்டது. விடும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உலகத்து வெள்ளக் கதைகளெல்லாம் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற நெடுங்காலக் கேள்விக்கும் அத்துடன் விடை கிடைத்தது: அவற்றை எழுதியவர்களுக்கு நனைந்தது காலுறை மட்டுந்தான்.