மாமாவின் இடுப்புக்கு நான் தந்த விளக்கம்

சரியான தகவல் யாருக்கும் தீங்கு செய்யாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். என் மாமனாரின் இடுப்பெலும்பு முறிந்த வாரத்தில் அந்த நம்பிக்கையும் முறிந்தது. (எலும்பையாவது சேர்க்க முடிந்தது.)

ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையின் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். டைட்டானியம்தான் எனக்குச் சோறு போடுகிறது. மாமா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். உடனே அறுவை செய்து டைட்டானியத் தண்டு பொருத்த வேண்டும், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்றார் மருத்துவர். மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

நர்ஸ் சம்மதத் தாளை நீட்டி, “ஆஜோபா, இதே சஹி கரா” என்று மராத்தியில் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். மாமா பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, உங்க லைன்தானே இது? நல்ல சாமான்தானா?”

‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும். எனக்கு அது போதவில்லை.

“சுத்த டைட்டானியம் இதுக்குப் பத்தாது மாமா, வலு கம்மி. அதனால அலுமினியம் சேர்ப்பாங்க.”

“அலுமினியமா? கையால அமுக்கினாலே நசுங்குமே!”

“தனியா இருந்தாத்தான் நசுங்கும். டைட்டானியத்துல கலந்தா அதை உரமாக்கும், கனமும் ஏறாது.” என் மனைவி சுமதி என் காலை மிதித்தாள். காலை நகர்த்திக்கொண்டேன். “கூடவே கொஞ்சம் வனேடியம். அது இருக்கறதாலதான் காய்ச்சி அடிச்சு வேணுங்கற உருவத்துக்குக் கொண்டுவர முடியுது.”

“அது உடம்புக்கு ஒத்துக்குமா?”

அரைகுறையாகப் பதில் சொல்வது என் வழக்கமில்லை. “தனியா உள்ள போனா விஷந்தான். அதனால சில தண்டுல அதுக்குப் பதிலா நியோபியம் போடறாங்க. மத்தபடி ஆக்சிஜன் கூடிப்போனாத்தான் நொறுங்கும்.”

மாமா பேனாவை மூடினார். “நசுங்கும், விஷம், நொறுங்கும். ரெஹ்னே தோ, இது வேண்டாம்! இரும்புத் தண்டு இருந்தா வைக்கச் சொல்லு சுமதி. இல்லேன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

நிலைமையைச் சரிசெய்ய, அந்தச் சம்மதத் தாளின் பின்பக்கத்திலேயே வரைபடம் போட்டு விளக்கினேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஒதுக்கிய அறுவை நேரம் வேறொருவருக்குப் போயிற்று.

இருமல் தொடங்கியது. பிறகு காய்ச்சல். அதுவரை வாய் திறக்காத அத்தை கட்டிலருகே வந்து நின்றார்.

“கல்யாணமானதுலேருந்து அலுமினியக் குண்டான்லதான் சோறு வடிக்கிறேன். நசுங்கியா போனீங்க? கையெழுத்தப் போடுங்க.”

போட்டார். ஆனால் இப்போது மருத்துவர் தயாராக இல்லை. நெஞ்சுச் சளி குறையாமல் மயக்கமருந்து தர முடியாதாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சுமதி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளியே உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக அறுவை நடந்தது. தண்டு கச்சிதமாகப் பொருந்தியது. அதற்குள் கால் தசைகள் கரைந்துவிட்டிருந்தன. முதலிலேயே செய்திருந்தால் கைத்தடியோடு பூங்காவரை போய்வருவார் என்றார் மருத்துவர். இப்போது வாக்கர் இல்லாமல் கட்டிலைவிட்டு இறங்க முடியாது.

நிக்டியில் இருக்கும் வீட்டுக்கு யார் வந்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் மாமா என்னைக் கைகாட்டுவார்.

“நல்லாத்தான் ஆகியிருக்கும். மாப்பிள்ளை விளக்கிட்டார்.”

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். பிறகு அவர் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துக் கழிவறைக்குப் போவார். அந்தச் சத்தம் ஓயும்வரை கூடத்தில் யாரும் பேசுவதில்லை.