டிரிபுலேஷன் எல்லாருக்கும் கிடையாது

ராமநாதபுரம் சீமையில் எவனுக்கு வந்தது நிஜமான கஷ்டம், எவனுக்கு வந்தது சும்மா எரிச்சல் என்று தீர்ப்புச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். கலெக்டர் இல்லை. தாலுகா ஆபீஸ் வாசல் பூவரச மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்த டிரிபுலேஷன் அண்ணன். அவர் எழுதுவார், பக்கத்து ஸ்டூலில் நான் டைப் அடிப்பேன். ஆறு வருஷம். என் தலைமுடி பாதி கொட்டியது அங்கேதான்.

சுதந்திரம் வந்த புதிது. மனுவெல்லாம் இன்னும் இங்கிலீஷில்தான். அட்டை கிழிந்த ஒரு அகராதியிலிருந்து அண்ணன் ‘டிரிபுலேஷன்’ என்ற சொல்லைப் பிடித்து வைத்திருந்தார். துன்பம் என்று அர்த்தம். அவரிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

“ஏலே, அந்தச் சொல்லோட வேரே களத்து மேட்டுல கெடக்கு. கதிரைப் போட்டு மாடு மிதிக்கிற மாதிரி ஆளைப் போட்டு மிதிச்சாத்தான் டிரிபுலேஷன். மத்ததெல்லாம் சில்லறை.”

அந்தச் சொல் போட்ட மனுவால் அபிராமத்துக்காரர் ஒருவருக்குக் கிணறு வெட்ட உத்தரவு கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், ஜில்லாவே வரிசையில் வந்து நின்றது.

“அய்யா, மாடு செத்துப்போச்சு. அந்தச் சொல்லப் போடுங்க.”

“எத்தனை மாடு?”

“ஒண்ணு.”

“சோடி மாடு நிக்குதுல்ல? அப்ப இது லாஸ். அடுத்த ஆளு.”

கீழக்கரை பாய் ஒருவர் தன் தோணி மூழ்கிவிட்டதென்று வந்தார். ஆட்கள் பிழைத்தார்களா என்று கேட்டார் அண்ணன்.

“அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் கரையேறிட்டாக.”

“அப்ப வெறும் மிஸ்பார்ச்சூன், கெட்ட நேரம்.”

பாய்க்கு வந்ததே கோபம்! “ஏன், அந்தச் சொல்லு வேணும்னா ரெண்டு பேர முக்கிட்டு வரணுமா?”

சண்டை முடிவதற்குள் நான் மூன்று தாள் அடித்துக் கிழித்தேன். ஆடிக்காற்றில் என் வீட்டுக் கூரையே பறந்துபோய் மனுப் போட்டபோது, எனக்கு அவர் கொடுத்தது என்ன தெரியுமா? ‘இன்கன்வீனியன்ஸ்’! சின்ன அசௌகரியமாம்!

கீழக்கரையில் கொழும்புக்குக் கடிதம் அடிக்க ஒரு முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டது. கூட வேலை பார்த்தவரிடம் நன்னடத்தைக் கடிதம் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமைக்குள் வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று என்னிடம் சொல்லிவிட்டார். வியாழன் காலையிலிருந்து அண்ணன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாலு மணிக்குக் கடைசி பஸ்ஸு. ரெண்டு வரி எழுதத் தெரியாதா உங்களுக்கு?”

“உன்னையப் பத்தி என்னத்தலே எழுத? இரு, ரோசிக்கிறேன்.”

எழுதினார், கிழித்தார். டீ குடித்தார். மறுபடி கிழித்தார். பஸ் ஹாரன் அடித்தபோது உறையைப் பசை போட்டு ஒட்டி என் சட்டைப்பையில் திணித்தார். போய்வா என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த மனுவை எடுத்துக்கொண்டார். வழிநெடுக மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

முதலாளி உறையைப் பிரித்து, விளக்கருகே பிடித்துப் படித்தார்.

“நல்ல வேலைக்காரன், வாய் மட்டும் ஜாஸ்தின்னு எழுதிருக்காக. சரி, நாளைக்கு வந்துருங்க தம்பி. ஆமா, கடைசில ‘இவன் போவது எனக்கு டிரிபுலேஷன்’னு இருக்கே. அதுக்கு என்ன அர்த்தம்?”

கடிதத்தை வாங்கி அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன்.

“ஒண்ணுமில்ல மொதலாளி,” என்றேன். “அண்ணன் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாரு.”