நாளை முதல் டோபாலஜி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பங்கி சாப்பாட்டு மேசையைத் துடைக்கிறார். இட்லிக்காக அல்ல, டோபாலஜிக்காக. கணவர் சென்னகிருஷ்ணன் பக்கத்தில் நின்று துணி படாத மூலைகளைச் சுட்டிக்காட்டுகிறார்.

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆரம்பிக்கப்போகிறவர்' என்கிற இனம் இதுதான். இதில் வீணைக்காரர், ஜெர்மன்காரர், நீச்சல்காரர் என்று உட்பிரிவுகள் உண்டு. ஓசூர் சிப்காட்டில் இருபத்திரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாடு பார்க்கும் நம் சென்னகிருஷ்ணனை டோபாலஜி பிடித்தது ஒரு வீடியோவால். கிழிக்காமல், ஒட்டாமல், இழுத்தும் வளைத்தும் உருமாற்றினால் ஒரு பொருளில் எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்கும் கணக்கு அது. அதன்படி உளுந்து வடையும் பிடி வைத்த டீ கப்பும் ஒன்று. இரண்டுக்கும் ஓட்டை ஒன்றே ஒன்று.

மறுநாள் கம்பெனி கேன்டீனில் இதை அறிவித்தார். "அப்ப வடையில டீ ஊத்திக் குடிங்க சார்," என்று சொல்லிவிட்டு, கூட வேலை பார்க்கும் மாதேஷ் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

நம்மவர் அன்றே டோபாலஜி புத்தகம் வாங்கினார். பிரித்தாரா? அதெப்படி, முறை என்று ஒன்று இல்லையா? இணையத்தில் விசாரித்தார். முதலில் ரியல் அனாலிசிஸ் படியுங்கள் என்றார் ஒருவர். அதற்கு முன்னால் கணங்கள், அதாவது செட் தியரி என்றார் இன்னொருவர். அதற்கும் முன்னால் தர்க்கம் என்றார் மூன்றாமவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம், ஒரு புது நோட்டு, நோட்டில் பிள்ளையார் சுழி, கால அட்டவணை, மூன்று நிறத்தில் அடிக்கோடு. இரண்டாம் பக்கம் வெள்ளை. கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியவர் எதிர்த்திசையில் போகும் அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து 'கிளம்பிட்டேன்' என்று போன் செய்வதுபோல, ஒன்றரை வருடமாகப் பின்னாலேயே போய், இப்போது ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்கிறார்.

அதையும் நாளைதான் ஆரம்பிக்கிறார்.

மகள் பிரவீனா கிருஷ்ணகிரியில் எம்.எஸ்ஸி. கணக்கு படிக்கிறாள். அவளிடமே கேட்கலாமே என்கிறீர்களா? பெற்ற பெண்ணிடமா?

கடைசியில் அவள்தான் கேட்டு வந்தாள். "அப்பா, நாளைக்கு எனக்கு செமினார். மார்க் உண்டு. லைப்ரரி புக்க வேற யாரோ எடுத்துட்டாங்க. உங்க டோபாலஜி புக்க இன்னைக்கு ஒரு நாள் குடுங்க."

"நான் ஆரம்பிக்கப் போற நேரம் பாத்தா கேக்கற?"

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"டேபிள் காயட்டும்."

"ஏங்க, வாங்கின பிளாஸ்டிக் கவரே இன்னும் பிரிக்கல. அவளாவது படிக்கட்டும், குடுத்துத் தொலைங்க," என்றார் சம்பங்கி.

"கவர் பிரிச்சா தூசி அடையாதா?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் அலமாரியில் இரண்டாம் பக்கம் வெள்ளையாக எத்தனை நோட்டு இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கட்டுரையைக்கூட, நிதானமாகப் படிக்கலாம் என்று ஒருமுறை எடுத்து வைத்தவர்தானே நீங்கள்?

பிரவீனா நிதானம் பார்க்கவில்லை. எட்டிப் புத்தகத்தை எடுத்தாள். நகத்தால் உறையைக் கிழித்தாள். முன்னுரையை, முதல் இரண்டு அத்தியாயங்களை, எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளி, நேராக நூற்று நாற்பதாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

சென்னகிருஷ்ணன் பதறிப்போனார். "ஏம்மா, நடுவுலேர்ந்தா ஆரம்பிப்பாங்க?"

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் அறையைவிட்டு வெளியே போனாள்.