படியில் தொங்குகிறவர் இறங்கினால் பஸ் சுருங்குமா?

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். வேலை நிமித்தம் போன ஊரில் நீங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன். என் மகளிடம் இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் "சரிப்பா, சாப்பிடுங்க" என்கிறாள்.

நீங்கள் கிளம்பிய மறுநாளே ஆரம்பித்தாள். "பகல் பூரா தனியா உக்காந்திருக்கீங்கப்பா. அண்ணன் வீட்ல எப்பவும் ஆள் இருக்கும், அங்க போய் இருங்களேன்." ஆள் இருக்கும்தான். இரண்டே அறையில் ஒன்பது பேர்: மகன், மருமகள், பிள்ளைகள் நால்வர், மருமகளின் அப்பா அம்மா, போதாக்குறைக்குச் சம்பந்தியின் தம்பி. ஆயுசு பூரா பஸ் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், அது வீடு இல்லை, ஆபீஸ் நேரத்து பஸ். முடியாது என்றேன். தோசை வார்க்கப் போய்விட்டாள். ஆனால் கெமிஸ்ட்ரி டீச்சரைப் பெற்றவன் நிம்மதியாக இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பது பேரும் வந்து இறங்கினார்கள். அயனிகளின் அளவு ஏன் மாறுகிறது என்று வகுப்பில் நடத்த ஒத்திகை பார்க்கணுமாம், எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏற்றினாள். ஒரு முக்காலியில் மூன்று செங்கல். அது லித்தியத்தின் உட்கரு. சுற்றிச் சாக்பீஸில் இரண்டு வட்டம். உள்வட்டத்தில் எலக்ட்ரானாக அவளும், உங்களுக்குப் பதில் உங்கள் சட்டையை மாட்டிய நாற்காலியும். வெளிவட்டத்தில் ஒண்டியாக நான். நாற்காலிக்கு உள்ளே இடம், மாப்பிள்ளை, எனக்கு வெளியே! எதிர்ப்பக்கம் ஒன்பது செங்கல், உள்வட்டத்தில் இரண்டு, வெளிவட்டத்தில் ஏழு என்று ஒன்பது பேர், அது ஃப்ளூரின். ஒன்பது செங்கல் இழுக்கிற இழுப்பில், என் வட்டத்தில் பாதி இடம்கூட இல்லாமல், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, அங்க வெளிவட்டத்துல எட்டு இடம், ஏழு பேர்தான் இருக்காங்க. இப்ப நீங்க அந்தப் பக்கம் போகணும். நீங்க போனா இங்க வெளிவட்டமே இருக்காது. மூணு செங்கல் ரெண்டே பேரை இழுக்கும், உள்ள இருக்கறவங்க இன்னும் நெருங்கிடுவோம். லித்தியம் பாதியா சுருங்கி, கச்சிதமா, நிம்மதியா ஆயிடும்" என்றாள். அதே மூச்சில், "அங்க செங்கல் அதே ஒன்பதுதான், ஆள் மட்டும் பத்து. தள்ளுமுள்ளு கூடி வட்டம் உப்பிடும். பெருசா இருந்தது சின்னதாகும், சின்னதா இருந்தது பெருசாகும்."

விடுவேனா? என் சர்வீஸில் படியில் தொங்கினவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இறங்கியிருப்பார்கள், ஒருநாளாவது பஸ் சுருங்கியதுண்டா என்று கேட்டேன். "பஸ்ஸுக்குத் தகரம் இருக்குப்பா. அணுவுக்கு ஏது தகரம்? கடைசி ஆள் எங்க நிக்கறாரோ அதுதான் எல்லை" என்றாள். "அப்போ இந்த வீட்டுக்கு எல்லை நான். எல்லையையே எவனாவது நாடு கடத்துவானா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கடைசிப் பேத்தி மட்டும் கையை நீட்டி, "தாத்தா, இங்க ஒரு ஆள் குறையுது, வாங்க" என்றாள். குழந்தையைத் தூது விடுகிறார்கள், பாருங்கள்! கோட்டின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தூறல் விழுந்தது, எல்லோரும் கீழே ஓடினார்கள், நான் நகரவில்லை, கோடு அழிந்த பிறகும் நகரவில்லை. இப்போது ஓயாத தும்மல். தும்மினாலும் போக மாட்டேன். நான் போனால் கச்சிதமாகிவிடும் என்று பெற்ற மகளே சொன்னால் மனசு வலிக்காதா, மாப்பிள்ளை?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்களும் அவளும் எல்லா நலமும் பெற்று, என்னையும் கூடவே வைத்துக்கொண்டு, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
வெளிவட்டத்தை விட்டு அசையாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் பேத்தி போன் செய்து, "உங்க இடத்தை யாருக்கும் குடுக்கல தாத்தா" என்றாள். ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று மகன் வீட்டுக்குக் கிளம்பினேன். வந்து ஐந்து நாளாகிறது. எனக்குப் பாய் விரித்ததில் சம்பந்தியின் தம்பி வராந்தாவுக்குப் போனார், சைக்கிள் தெருவுக்குப் போனது. வீடு உப்பியது உண்மைதான். நேற்று உங்கள் மனைவி போனில், "அப்பா, வீடு ரொம்பச் சின்னதாயிடுச்சுப்பா" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். பாடம் நடத்தினவளே அவள்தானே, அனுபவிக்கட்டும். நான் இந்த வீட்டை விட்டு வர மாட்டேன். நீங்களே நேரில் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். வருவதானால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள், பையைக் கட்டி வைத்திருக்கிறேன்.