துர்காவின் ஸ்கூட்டியும் ஹாலில் ஏறிய கடலும்

அருள்முருகன் வேலை முடிந்து வந்தபோது இன்றைக்கும் ஹால் ஈரம். உப்புத் தண்ணீரில் அவன் உயிர்ப்பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

"நான் தொடச்சுக்கறேன், நீங்க காபி குடிங்க" என்றாள் மனைவி துர்கா.

திட்டவே இல்லை! அதுதான் அவனுக்குப் புரியவில்லை. "இனிமே தொட்டிக்குன்னு ஒரு ஆணி வாங்கினாலும் தொட்டி தெருவுக்குப் போயிடும்" என்று மிரட்டிச் சத்தியம் வாங்கியவள் அவள்.

சத்தியம் செய்த கையோடு அவன் திருட்டுத்தனமாக ஒரு வேலை பார்த்திருந்தான். அவனுடைய ஒரே பவளம் விரியாமல் மூடிக் கிடந்தது. கடல் மாதிரி தண்ணீர் ஏறி இறங்கினால் விரியும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்கள். உடனே தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக் கதவுக்குள் டிரம், மோட்டார், டைமர். துர்கா பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது தொட்டித் தண்ணீர் டிரம்முக்கு இறங்கும். கூட்டிவரப் போகும்போது திரும்ப ஏறும். ஊர்க்கடல் நிலவைப் பார்த்து நடந்தது; இந்தக் கடல் துர்காவின் ஸ்கூட்டியைப் பார்த்து நடந்தது.

இறங்கின தண்ணீர்தானே ஏற வேண்டும்? எப்படி வழியும்?

இறக்கம் போதவில்லை என்று முடிவுகட்டி, பெரிய டிரம்மாக மாற்றினான். மறுநாள் ஹாலில் செருப்பு மிதந்தது.

"பௌர்ணமி வருதில்ல?" என்றான் கம்பெனியில் கூட வேலை செய்யும் செம்மல். "எங்க குருசுக்குப்பத்துல படகுங்க வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு. உன் தொட்டிக்கு மட்டும் நிலா தெரியாதா?"

அருள்முருகனுக்குப் புல்லரித்தது. கம்பெனி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டான்.

பவளமோ இன்னும் சுருங்கியது. உப்பு அளக்கும் மீட்டரில் அளவு இறங்கிக்கொண்டே போனது. உப்பு போட்டான். மறுநாளும் இறங்கியது. இன்னும் போட்டான். நிலா உப்பையுமா தின்னும்? வெளுத்துப்போன பவளத்தைப் பார்த்தபடி தொட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான்.

"செத்துடுமாங்க?" துர்காவின் கண்ணும் கலங்கியிருந்தது.

"தெரியலியேம்மா."

"எல்லாம் என்னால..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாவம், எவ்வளவு பாசம்! டிரம் விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

மறுநாள் விடுமுறை. துர்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். காலிங்பெல் அடித்தது. டிரம் விஷயத்தை அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவள்தானோ என்று கதவைத் திறந்தான். தண்ணீர் கேன் போடும் சுப்பிரமணியன் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று நின்றார்.

"எங்க வீட்டுக்கு ஒண்ணுதானே?"

சுப்பிரமணியன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு தொட்டிக்கு. அக்கா கேஸ் சிலிண்டர உருட்டும்போது தொட்டில இடிச்சுட்டாங்களாம், அதுலேருந்து தெனம் காலையில ஒழுகிப்போவுதுன்னு இந்தக் கேன் தண்ணிய ஊத்தி ரொப்பி வெக்கிறாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதாம், தெரியாத மாதிரியே இருங்கண்ணே!"