விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

காலை எட்டே முக்கால். தோட்டத்து வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு லோரி. அதிலிருந்து நீல டிரம்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று சாய்ந்து வழிந்த தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்த அதிர்ச்சியில் பிரேக்கை மறந்து, வரவேற்புக்குக் கட்டியிருந்த வாழை மரத்தில் மோட்டார் சைக்கிளோடு மோதினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு தமிழ் நாளேட்டின் வட்டார நிருபர். ஒரு கட்டுரை எழுதினால் ஒரு தோட்டத்தின் வறுமை ஒழியும் என்று நம்பிய வயது. (கணக்குப் போட்டால் முப்பது வயதுக்குள் சிலாங்கூர் மாநிலத்தையே முடித்திருக்க வேண்டும்.)

சபாக் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த ரப்பர் தோட்டம். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் குடித்தது கால்வாய்த் தண்ணீர். பால் ஊற்றாத தேநீரின் நிறம். குழாய் போடுவது அரசாங்கத்தின் வேலை என்றது நிர்வாகம். தனியார் நிலத்துக்குள் வர முடியாது என்றது அரசாங்கம். பெரியவர்கள் காய்ச்சிக் குடித்தார்கள். விடியும் முன்பே அவர்கள் பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போன பிறகு, பிள்ளைகள் கைக்கு எட்டியதைக் குடித்தார்கள். அந்த லயத்தில் இருந்த பார்வதி அக்காவின் மகள் கஸ்தூரிக்கு நான்கு வயது. வயிற்றுப்போக்கில் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்து வந்திருந்தாள். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, வருமுன் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவது மலிவு என்று எழுதினேன். தலைநகரின் அறநிறுவனம் ஒன்று அதைப் படித்துவிட்டு, நேரில் பார்த்துத் திருப்தியானால் தொட்டியும் வடிகட்டியும் மழைக்காலத்துக்கு முன்பே கட்டித் தருவதாகச் சொன்னது.

தோட்டத்தாரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பெரிய மனுஷங்க வர்றாங்க. நல்லா கவனிச்சுக்குங்க."

கவனித்துவிட்டார்கள். லயம் முழுக்கச் சுண்ணாம்பு. பெண்கள் எல்லாரும் கல்யாணச் சேலையில். பார்வதி அக்கா தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் மகளுடைய பச்சைப் பட்டுச் சேலையை இரவல் வாங்கிக் கட்டியிருந்தார். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

வாழை மரத்திலிருந்து விடுபட்டு மண்டோர் முனுசாமியைப் பிடித்தேன்.

"அண்ணே, இந்த டிரம்மெல்லாம் எதுக்கு?"

"டவுன்லேர்ந்து தண்ணி. லோரிக்காரன் நம்ம பய, காசு, டுயிட் எதுவும் வேணாம்னுட்டான் லா."

"கால்வாய்த் தண்ணியக் குடுங்கண்ணே! அதப் பாக்கத்தானே வர்றாங்க!"

முனுசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீடு தேடி வர்றவங்களுக்கு அந்தத் தண்ணியா? ஒங்க வீட்ல அப்படித்தான் பழக்கமோ?"

பதில் சொல்வதற்குள் வெள்ளைக் கார் வந்துவிட்டது. நாதஸ்வரம் முழங்கியது. (அதையும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.) அறநிறுவனத்தின் தலைவர் மாலையோடு உட்கார்ந்து, ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நல்லா இருக்கே லா! எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியவிட நல்லா இருக்கு!"

கூட்டம் பெருமையோடு கை தட்டியது. தலைவரின் மனைவி பார்வதி அக்காவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப அழகும்மா, எங்க வாங்குனீங்க?" என்றார்.

தலைவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போனேன். ஊரே பின்னால் வந்தது.

"சார், இதுதான் இவங்க குடிக்கிற தண்ணி."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பார்வதி அக்காவிடம் கேட்டார். "உண்மையாம்மா?"

அக்கா தண்ணீரைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். கட்டியிருந்த பட்டைப் பார்த்தார்.

"இதுங்களா? சேச்சே. இது மாட்டுக்குங்க."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். நான் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்தேன். நிரூபணமாம்! மாட்டுத் தண்ணீரை மனிதன் குடிக்கலாம் என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிக்கவில்லை. விருந்துக்கு உட்கார்ந்து சோற்றில் கை வைப்பதற்குள் எழுந்தேன். ஓடினேன். வெள்ளைக் காரைத் தாண்ட முடியவில்லை. அதன் முன்சக்கரத்தின் மேலேயே எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது.

தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒரு நியூஸுக்காக இவ்வளவு தூரம் நடிக்கக் கூடாது."

மாவட்ட மருத்துவமனையில் படுத்திருந்தபோது பார்வதி அக்கா ஒரு பிளாஸ்க் மைலோவோடு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா சேலை அழகா இருக்குன்னாங்க தம்பி. எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன், எம் புள்ளைக்கு இதத்தான் குடிக்கக் குடுக்குறேன்னு?"

நான் மைலோவைக் குடித்தேன். வேறென்ன செய்ய.

தொட்டி வேறொரு தோட்டத்துக்குப் போனது. எங்களுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கேடயம் வந்தது: 'தூய்மையில் முன்மாதிரித் தோட்டம்'. அதைக் கோயிலில் மாட்டினார்கள். மறுப்பும் விளக்கமுமாக நான் எழுதிய எதையும் ஆசிரியர் போடவில்லை; கேடயம் வழங்கிய படத்தை மட்டும் போட்டார். இன்றும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி டம்ளரை நீட்டி, "தைரியமா குடிங்க, இது இவரு குடிச்ச தண்ணி இல்ல" என்பாள். பிள்ளைகள் கதையைக் கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள். கார்ச் சக்கரம் வந்ததும் அவர்களுக்குக் கதை முடிந்துவிடும்.

மழைக்காலத்துக்கு முன்பே கஸ்தூரியைச் செரண்டாவில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் பார்வதி அக்கா. அங்கே குழாய்த் தண்ணீர் இருந்தது. அவள் அங்கேயே வளர்ந்து, அங்கேயே படித்தாள். வளர்த்த சித்தியை அம்மா என்று கூப்பிடுகிறாள். பார்வதி அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள்.