ரிவர்ஸில் போன கல்யாணக் கார்

வேலை தெரியாதவனால் ஆபத்து இல்லை. அவன் பேசாமல் இருந்துவிடுவான். வீடியோ பார்த்து வேலை படித்தவன்தான் குடும்பத்தையே சந்திக்கு இழுப்பவன். நான் இரண்டாவது ரகம். வங்கியில் உத்தியோகம். ஆனால் ஸ்பனரைக் கையில் எடுத்தால் எனக்குள் ஒரு எஞ்சினியர் எழும்பி நிற்பான் (அவனுக்கு என் மனைவி சுமதி வைத்த பெயரை இங்கே எழுத முடியாது).

மாமனாரிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. சுமதியைக் கல்யாணத்துக்கு அதில்தான் தானே ஓட்டிக் கூட்டிவந்தார். இளையவள் வினோவையும் அப்படியே கூட்டிப்போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு கிளச் மிதிக்க முடியவில்லை. கல்யாணம் நெருங்க நெருங்க மனிதர் காரைத் துடைப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கவலைப்படாதேங்கோ மாமா. ஓட்டோமட்டிக் கியர்பொக்ஸ் மாத்திவிடுறன். கிளச்சே தேவையில்லை."

"நல்ல மெக்கானிக்கிட்டக் குடுப்பம் தம்பி."

"நான் இருக்கிறன்தானே!"

(சுமதி தலையில் அடித்துக்கொண்டாள்.)

பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு ஜப்பான் கியர்பொக்ஸ் வாங்கி, மாமாவின் வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழே காருக்கடியில் படுத்து, கிரீஸில் குளித்து, ஒருவழியாக மாட்டிவிட்டேன். காரின் மூக்கு மதிலை முட்டிக்கொண்டு நின்றதால் முன்னால் எடுத்துப் பார்க்க இடமில்லை. ரிவர்ஸ் போட்டேன். வழுக்கிக்கொண்டு கொஞ்சம் போனது. பின்னுக்குப் போகிற கார் முன்னுக்குப் போகாதா என்ன?

கல்யாணத்தன்று மாமாவே காரைப் பின்னெடுத்து ஒழுங்கைக்குக் கொண்டுவந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பின் சீட்டில் வினோ, பட்டும் நகையுமாக. ஐயர் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். மாமா கியரைப் போட்டு மிதித்தார். கார் உறுமியது. அசையவில்லை. தேசிக்காய்க்கு ஒரு கீறலும் இல்லை.

(கியர்பொக்ஸ் எண்ணெயை எஞ்சின் ஓட ஓட அளந்து பார்க்க வேண்டுமாம். நான் எஞ்சினை நிறுத்திவைத்துப் பார்த்து, நிறைந்துவிட்டது என்று மூடியிருக்கிறேன். குறைந்த எண்ணெயில் ரிவர்ஸ் மட்டும்தான் வேலை செய்தது.)

"த்ரீவீல் ஒண்டு பிடிப்பமா மாமா?"

மாமா ஸ்டியரிங்கை விடவில்லை. "என்ர பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போவன்." வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "முகூர்த்தம் போகுது. வாகனம் எந்தப் பக்கம் போகுதோ, அதுதான் முன்பக்கம். காரைத் திருப்புங்கோ!"

கோயில் ஒழுங்கை முனையில்தான். உறவினர் எல்லோரும் சேர்ந்து தள்ளி, காரின் பின்பக்கத்தைக் கோயிலுக்கு நேராகத் திருப்பினோம். தேசிக்காய்களும் பின்சில்லுகளுக்குப் பின்னால் இடம் மாறின. மாமா கழுத்தைத் திருப்பியபடி ஓட்ட, நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, எதிரே வந்த த்ரீவீல்களை மறித்து, "அய்யே, பொட்டக் இன்ன!" என்று, கொஞ்சம் நிற்கச் சொல்லி, சிங்களத்தில் கத்தினேன். வினோ சிரித்த சிரிப்பில் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

கோயில் வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்ற மாப்பிள்ளை வீட்டார் முதலில் கண்டது காரின் டிக்கியை. மாப்பிள்ளையின் அம்மா சுமதியிடம் மெல்லக் கேட்டார்: "இது உங்கட ஆக்களின்ர வழக்கமோ?"

"ஓம் அன்ரி. கனகாலமா," என்றாள் சுமதி, கண் இமைக்காமல்.

மாமா இறங்கி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உள்ளே நடந்தார்.

போன மாதம் வினோவின் மாமியாருடைய மகளுக்குக் கல்யாணம். புத்தம்புதுக் கார். பளபளவென்று நிற்கிறது. நாங்கள் போய் இறங்கும்போது அவர் டிரைவரோடு பெரிய சண்டை:

"என்ர மருமகள் எவ்வளவு சந்தோஷமா இருக்கிறாள், தெரியுமோ? என்ர மகளும் அப்பிடித்தான் போகவேணும். எடுங்கோ பின்னுக்கு!"